மொத்தப் புள்ளியைக் கடைசியாகப் பாருங்கள்: ஏடிஎச்டி உள்ள கெட்டிக்காரப் பிள்ளையின் நுண்ணறிவுச் சோதனை அறிக்கையை வாசிக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு நுண்ணறிவுச் சோதனை செய்வித்த பெற்றோர், அறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலும் ஒரேயோர் எண்ணைத்தான் தேடுகிறார்கள். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்குப் பழகிப்போன கண்கள் வேறெதைத் தேடும்? கொழும்பில் செய்வித்ததாகவோ, கனடாவிலோ இலண்டனிலோ செய்வித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய குடும்பம் கையோடு கொண்டுவந்ததாகவோ இருக்கும் அந்த அறிக்கை, பத்துப் பதினைந்து பக்கங்களுக்கு ஆங்கிலத்தில் நீளும். அட்டவணைகளைத் தாண்டி மொத்த நுண்ணறிவு ஈவை (ஐ.கியூ.) கண்டுபிடித்து, நூறுக்கு மேலென்றால் நிம்மதியும் கீழென்றால் கவலையும் அடைந்து, அறிக்கையை அலுமாரியில் வைத்துவிடுவது வழக்கம். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உள்ள, அதே வேளையில் கூர்மையான அறிவும் உள்ள ஒரு பிள்ளையைப் பொறுத்தவரை, அந்த ஒற்றை எண் அறிக்கையிலேயே மிகக் குறைவாகப் பயன்படும் பகுதியாக இருக்கக்கூடும். அவ்வாறான அறிக்கையை எந்த ஒழுங்கில் வாசிப்பது, எதை நம்புவது, எதைக் கேட்டுத் தெளிவது, அதைக்கொண்டு வீட்டிலும் பாடசாலையிலும் என்ன செய்வது என்பதே இக்கட்டுரை.

ஐந்து சுட்டெண்கள்

பிள்ளைகளுக்கான இத்தகைய சோதனைகளில் மிகப் பரவலாகப் பயன்படுவது வெக்ஸ்லர் சிறுவர் நுண்ணறிவு அளவுகோல். அதன் முதற்பதிப்பு 1949 இல் வந்தது. ஐந்தாம் பதிப்பு 2014 இல் வெளியானது. 6 வயது தொடக்கம் 16 வயது 11 மாதம் வரையான பிள்ளைகளுக்கு, ஒருவருக்கு ஒருவராக இருந்து செய்விக்கப்படும் இச்சோதனை ஐந்து சுட்டெண்களைத் தருகிறது. சொற்களையும் கருத்துகளையும் எவ்வளவு ஆழமாக அறிந்திருக்கிறார் என்பது மொழிவழி விளக்கம். உருவங்களை மனத்தில் பிரித்துச் சேர்க்கும் திறன் காட்சி-இட ஆற்றல். முன்பு கண்டிராத ஒரு சிக்கலில் விதியைக் கண்டுபிடிப்பது நியாயித்தல். கேட்டதையும் பார்த்ததையும் சில வினாடிகள் மனத்தில் ஏந்தி வைத்துக்கொண்டு அதைக் கையாளுவது தொழிற்படு நினைவு. எளிய வேலையொன்றைப் பிழையின்றி விரைந்து செய்வது செயன்முறை வேகம். ஒவ்வொரு சுட்டெண்ணுக்கும் சராசரி 100. விலகல் அளவு, அதாவது புள்ளிகள் சராசரியிலிருந்து பொதுவாகச் சிதறும் தூரம், 15. சுட்டெண்களை உருவாக்கும் சிறு சோதனைகளாக அவற்றுக்குக் கீழே வரும் உபசோதனைகளுக்குச் சராசரி 10. விலகல் அளவு 3.

விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொண்ட ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தரம் 5 இல் படிக்கும் பத்து வயதுப் பையனுக்கு மொழிவழி விளக்கம் 124, காட்சி-இட ஆற்றல் 117, நியாயித்தல் 121, தொழிற்படு நினைவு 91, செயன்முறை வேகம் 83 என்று வந்திருக்கிறது. மொத்த ஈவு 110. தாயார் 110 ஐப் பார்த்து ஆறுதல் அடைகிறார். வகுப்பாசிரியர் அதே 110 ஐப் பார்த்து, “பிள்ளையில ஒரு குறையும் இல்லை, குழப்படிதான் கூட” என்கிறார். இருவரும் பார்த்த எண் ஒன்றே. ஆனால் 110 என்ற அளவில் நடந்துகொள்ளும் பிள்ளை அந்த வீட்டில் இல்லை. 120 இற்கு மேல் சிந்திக்கும் ஒரு பிள்ளையும், 83 இல் எழுதும் ஒரு பிள்ளையும் ஒரே உடுப்புக்குள் இருக்கிறார்கள் என்பதே அந்த அறிக்கை சொல்லும் செய்தி.

சதமணையும் சதவீதமும்

சுட்டெண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கும். அது சதமணை; சதவீதம் அன்று. வேகத்துக்கு 83 பெற்ற பிள்ளையின் சதமணை 13. “நூற்றுக்குப் பதின்மூன்று புள்ளியா?” என்று ஒரு தகப்பனார் அதிர்ந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். அதன் பொருள் வேறு: ஒரே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வேகத்தின்படி வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து ஏறத்தாழ பதின்மூன்றாவது இடத்தில் இவர் நிற்பார். மொழிவழி விளக்கத்தில் 124 என்பது 95 ஆவது சதமணை. அங்கே அவருக்கு மேலே ஐந்தாறு பேர்தான் நிற்பார்கள். இந்த இரண்டு இடங்களையும் மனக்கண்ணில் ஒருசேர வைத்துப் பார்த்தால், பிள்ளை பின்னேரம் கொப்பியை எறிந்துவிட்டு அழுவதற்குக் காரணம் ஓரளவு விளங்கும்.

எந்த எண்ணும் ஒற்றைப் புள்ளி அன்று என்பதையும் மறக்கக்கூடாது. அறிக்கையில் 95 வீத நம்பிக்கை இடைவெளி என்று ஒரு வீச்சுக் கொடுக்கப்பட்டிருக்கும். பிள்ளையின் உண்மையான நிலை அந்த வீச்சுக்குள் எங்கும் இருக்கலாம். ஆகவே 117 ஐயும் 121 ஐயும் ஒப்பிட்டு, இதில் கூட, அதில் குறைவு என்று பேசுவதில் பயனில்லை. 124 இற்கும் 83 இற்கும் இடையிலான தூரம் வேறு வகை. அதை அளவுப் பிழையென்று தள்ளிவிட முடியாது.

மொத்த ஈவு எப்படி உருவாகிறது

பத்து முதன்மை உபசோதனைகளில் ஏழு மட்டுமே மொத்த ஈவுக்குள் போகின்றன. அந்த ஏழில் ஐந்து மொழி, காட்சி, நியாயித்தல் ஆகிய பக்கத்தைச் சேர்ந்தவை. தொழிற்படு நினைவுக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று. ஆகையால், உயர்ந்த பக்கம் மொத்தத்தை மேலே இழுக்க, தாழ்ந்த பக்கம் அதைக் கொஞ்சம் கீழே இறக்க, இரண்டையும் சரியாகக் காட்டாத ஓர் எண் நடுவில் வந்து நிற்கிறது. சுட்டெண்கள் இவ்வளவு சிதறியிருக்கும்போது அனுபவமுள்ள உளவியலாளர் மொத்த ஈவுடன் வேறு இரண்டு சுட்டெண்களையும் கணித்துத் தருவார். மேற்சொன்ன ஐந்து உபசோதனைகளிலிருந்து பெறப்படுவது பொது ஆற்றல் சுட்டெண். நினைவுக்கும் வேகத்துக்குமான நான்கு உபசோதனைகளிலிருந்து பெறப்படுவது அறிகைத் தேர்ச்சிச் சுட்டெண். நமது உதாரணப் பிள்ளைக்கு முதலாவது 122 அளவிலும் இரண்டாவது 84 அளவிலும் வரும். அறிக்கையில் இவை இல்லையென்றால், கணித்துத் தரும்படி கேட்பதில் தவறில்லை. பிள்ளையை மறுபடி இருத்த வேண்டியதில்லை, செய்த சோதனையிலிருந்தே கணிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொது ஆற்றல் சுட்டெண் கிடைத்தவுடன், “இதுதான் பிள்ளையின் உண்மையான அறிவு, மற்றது ஏடிஎச்டி செய்த கோலம்” என்று 84 ஐத் தூக்கிப் போட்டுவிடும் ஆசை பெற்றோருக்கு வரும். என் கருத்தில் அது, 110 ஐ நம்புவதைவிடப் பெரிய பிழை. பிள்ளை நாள்தோறும் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதும், சொல்வதெழுதலில் பின்தங்குவதும், பரீட்சை மண்டபத்தில் மணியடிக்கும்போது கடைசிப் பக்கத்தைத் தொடாமல் இருப்பதும் அந்த 84 ஐக் கொண்டுதான்.

உபசோதனைகளுக்குள் இறங்கிப் பார்த்தல்

சுட்டெண்ணோடு நின்றுவிடாமல் அதன் கீழுள்ள வரிகளையும் பார்க்க வேண்டும். தொழிற்படு நினைவு 91 என்று ஒரே எண்ணாக வந்தாலும், அது இலக்க வரிசையில் 7, பட வரிசையில் 10 என்று பிரிந்திருக்கலாம். இலக்க வரிசையில் பிள்ளை எண்களைக் காதால் கேட்டு, முதலில் அப்படியே சொல்ல வேண்டும். பிறகு பின்னிருந்து முன்னாகவும், அதன் பின் சிறியதிலிருந்து பெரியதாக ஒழுங்குபடுத்தியும் சொல்ல வேண்டும். பட வரிசையில் பார்த்த படங்களை அதே ஒழுங்கில் காட்டினால் போதும். கண்ணால் பார்த்தது தங்குகிறது, காதால் கேட்டது நழுவுகிறது என்றால் அது நேராக வகுப்பறைக்குப் பயன்படும் செய்தி: அந்தப் பிள்ளைக்கு வாயால் சொல்வதோடு எழுதியும் காட்ட வேண்டும்.

“நினைவு குறைவு” என்றால் பெற்றோர் நம்ப மறுப்பார்கள். அதற்கு நியாயமும் உண்டு. தேவாரம் முழுவதையும் ஒரு சொல் தப்பாமல் பாடுகிற, நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் எந்த நாள் மஞ்சம், எந்த நாள் சப்பறம் என்று ஒழுங்காகச் சொல்லுகிற பிள்ளைக்கு நினைவு குறைவென்றால் யார் நம்புவார்? ஆனால் அது பலமுறை கேட்டு ஊறிப்போன நீண்டகால நினைவு. தொழிற்படு நினைவு அதுவன்று. சங்கக்கடைக்குப் போய்ச் சீனி, தேயிலை, நெருப்புப்பெட்டி மூன்றும் வாங்கிவரச் சொன்னால், வழியில் ஒரு நாய்க்குட்டியைக் கண்டுவிட்டு, இரண்டோடு திரும்பி வருவதுதான் இது. இரண்டும் ஒரே பிள்ளைக்குள் இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

வேகத்துக்கான உபசோதனைகளும் அப்படியே. அவற்றில் ஒன்று, கொடுக்கப்பட்ட திறவுகோலைப் பார்த்து அடையாளங்களை இரண்டு நிமிடத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு போவது. மற்றது, ஒரு வரியில் குறித்த அடையாளம் இருக்கிறதா இல்லையா என்று தேடிக் குறிப்பது. முதலாவது கையை அதிகம் வேண்டும். இரண்டாவது கண்ணை அதிகம் வேண்டும். முதலாவதில் 6 உம் இரண்டாவதில் 8 உம் வந்தால், மனத்தின் வேகத்தோடு எழுதும் கையின் சிரமமும் சேர்ந்திருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். தாழ்ந்த புள்ளிக்குப் பிழைகள் காரணமா, மந்தம் காரணமா என்பதைச் சோதனை செய்தவரிடம் கேளுங்கள். பிழையின்றி மெதுவாகச் செய்த பிள்ளையும், விரைவாகச் செய்து வரி மாறிப்போன பிள்ளையும், ஒவ்வோர் அடையாளத்தையும் அழித்து அழித்து அழகாக எழுதிய பிள்ளையும் ஒரே புள்ளியைப் பெறலாம். ஆனால் மூவருக்கும் வேண்டிய உதவி வேறு. கட்டைகளை அடுக்கி ஒரு வடிவத்தை உருவாக்கும் கட்டை அமைப்பு உபசோதனையில் விரைவாக முடித்தால் மேலதிகப் புள்ளி உண்டு. நேரத்துக்கான அந்தப் புள்ளியை நீக்கிய பெறுமதியும் தனியாகக் கிடைக்கும். அதையும் கேட்கலாம்.

பல உபசோதனைகளில், தொடர்ந்து மூன்று வினாக்களுக்குப் புள்ளி கிடைக்காவிட்டால் அத்துடன் நிறுத்திவிடுவார்கள். எளிய வினாவைக் கவனக்குறைவால் விட்டுவிட்டு, அடுத்த கடின வினாவுக்குச் சரியாகப் பதில் சொல்வது ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவது. அத்தகைய ஏற்ற இறக்கம் இருந்ததா என்பது எண்களில் தெரியாது. அறிக்கையின் ‘நடத்தை அவதானிப்பு’ என்ற பகுதியில்தான் தெரியும். மொழிபெயர்ப்பித்தாவது முதலில் வாசிக்க வேண்டிய பக்கம் அதுவே.

எண்களை நம்புவதற்கு முன்

சோதனை எந்த மொழியில் நடந்தது? தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் சொற்பொருள் கேட்டிருந்தாலோ, பக்கத்தில் ஒருவர் இருந்து உடனுக்குடன் மொழிபெயர்த்திருந்தாலோ, மொழிவழி விளக்கத்தின் எண்ணைப் பிள்ளையின் எல்லையாகக் கொள்ளக்கூடாது. அவர் குறைந்தது இவ்வளவாவது அறிவார் என்று மட்டும் கொள்ளலாம். இலக்க வரிசைகூட, எண்களை எந்த மொழியில் சொன்னார்கள் என்பதைப் பொறுத்து மாறும். தமிழ்நாட்டில் தமிழாக்கிய வினாக்களைக்கூட நமது பிள்ளைகள் எப்போதும் அப்படியே விளங்கிக்கொள்வதில்லை. நாம் ‘கதைப்பது’ என்பதை அவர்கள் ‘பேசுவது’ என்கிறார்கள். மேலும், பிள்ளையை எந்த நாட்டுப் பிள்ளைகளின் புள்ளிகளோடு ஒப்பிட்டார்கள் என்பதும் அறிக்கையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அன்றைய நாளையும் நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் நித்திரையின்றிப் போய், விடிய ஒரு தேத்தண்ணியோடு ஒன்பது மணிக்குச் சோதனைக்கு இருந்த பிள்ளையின் நினைவும் வேகமும் குறைந்திருந்தால், அதில் எவ்வளவு பிள்ளையினது, எவ்வளவு பயணத்தினது என்று பிரிக்க முடியாது. இயலுமானால் முதல்நாளே போய்த் தங்குங்கள். மூக்குக்கண்ணாடி போடும் பிள்ளை அதைப் போட்டிருந்தாரா, ஏடிஎச்டி மருந்து எடுப்பவராயின் அன்று காலையில் எடுத்தாரா என்பவையும் அறிக்கையில் பதியப்பட வேண்டியவை.

ரேவனின் வடிவச் சோதனையை மட்டும் செய்துவிட்டு, “பிள்ளை நல்ல கெட்டிக்காரன், பிரச்சினை இல்லை” என்று அனுப்பிவிடுவதும் உண்டு. 1938 இல் முதலில் வெளியான அச்சோதனை சொற்களின்றி நியாயித்தலை அளக்க நல்ல கருவி. ஆனால் நினைவையும் வேகத்தையும் அது தனியாக அளப்பதில்லை. இவ்வாறான பிள்ளையின் சிக்கல் இருக்கும் இடத்தை அது தொடுவதேயில்லை.

இடைவெளி எதைச் சொல்லாது

சமனற்ற புள்ளிகள் ஏடிஎச்டிக்குச் சான்று ஆகா. சாதாரணப் பிள்ளைகளிலும் சுட்டெண்களுக்கிடையே பெரிய வேறுபாடுகள் பரவலாக உண்டு; நியாயித்தலில் மிக உயர்ந்து நிற்கும் பிள்ளைகளிடம் வேகம் அந்த உயரத்துக்கு வராமல் இருப்பது இன்னும் வழமை. மறுபுறம், ஏடிஎச்டி உறுதியான பல பிள்ளைகளின் புள்ளிகள் மேடு பள்ளமின்றிச் சமமாகவே வருகின்றன. 2013 இல் வெளியான அமெரிக்க மனநல வகைப்படுத்தலின் ஐந்தாம் பதிப்பின்படி, ஏடிஎச்டியைத் தீர்மானிப்பது நடத்தையின் வரலாறே: கவனக்குறைவுக்கான ஒன்பது அறிகுறிகளிலோ, மிகையியக்கத்துக்கும் உந்துதலுக்குமான ஒன்பதிலோ குறைந்தது ஆறு, அவை ஆறு மாதமாவது நீடித்திருத்தல், அவற்றுள் பல 12 வயதுக்கு முன்னரே தென்பட்டிருத்தல், வீடு, பாடசாலை போன்ற இரண்டு இடங்களிலாவது காணப்படுதல், அன்றாட வாழ்வைப் பாதித்தல். அதைச் சொல்ல வேண்டியவர் மனநல வைத்தியர். பாடசாலையின் பழைய தேர்ச்சி அறிக்கைகளில் “கவனயீனம்”, “கெட்டிக்காரன், முயற்சி போதாது” என்று ஆண்டுதோறும் எழுதப்பட்டிருந்தால், வைத்தியரிடம் போகும்போது அவற்றையும் கொண்டுபோங்கள். நுண்ணறிவு ஈவைவிட அவை அங்கே கூடுதலாகப் பேசும்.

தாழ்ந்த வேகத்துக்கும் நினைவுக்கும் வேறு காரணங்களும் இருக்கலாம்: வாசிப்பு இடர்பாடு, எழுத்து இடர்பாடு, பதகளிப்பு, நித்திரைக் குறைவு, பார்வை அல்லது செவிப்புலக் குறை. ஏடிஎச்டியோடு வாசிப்பு இடர்பாடும் சேர்ந்து வருவது அரிதன்று. கெட்டிக்காரப் பிள்ளை ஊகித்தே வாசித்துவிடுவதால் அது நெடுநாள் மறைந்திருக்கும்.

அறிக்கையைக்கொண்டு செய்ய வேண்டியவை

அடிப்படை ஒன்றுதான்: வேலையின் கடினத்தைக் குறைக்காமல், அளவையும் எழுத்தையும் குறைக்க வேண்டும். இருபது பெருக்கல் கணக்குகளுக்குப் பதிலாக ஆறு, ஆனால் அந்த ஆறும் கடினமானவையாக இருக்கட்டும். வேகம் குறைவென்று பிள்ளையை இலகுவான வேலைக்கு இறக்கினால் 121 இல் நிற்கும் நியாயித்தல் பட்டினி கிடக்கும். சலிப்பில் குழப்படி இரண்டு மடங்காகும். கரும்பலகைக் குறிப்புகளைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக ஒரு நிழற்படப் பிரதி கொடுக்கலாம். அறிவுறுத்தலை ஒவ்வொரு படியாகச் சொல்லலாம். சொன்னதை ஒரு துண்டில் எழுதி மேசையில் ஒட்டலாம். மனக்கணக்கில் இடைவிடையைக் குறித்துக்கொள்ள அனுமதிக்கலாம். விளக்கத்தைச் சோதிக்கும் இடங்களில் வாய்மொழி விடையை ஏற்கலாம். இவற்றில் எதுவும் ஆசிரியருக்குப் பெரிய சுமை அன்று.

ரியூசன் பற்றி ஒரு வார்த்தை. பாடசாலை விட்டு வந்து, சட்டை மாற்றி, இன்னும் இரண்டு இடங்களுக்குப் போய் அதே பாடத்தை மறுபடி பார்த்து எழுதுகிற ஒழுங்கு, இந்தப் பிள்ளையின் மிகப் பலவீனமான உறுப்பில் நாள் முழுவதும் பாரம் ஏற்றுவதாகும். ஒன்றை நிறுத்தி, அந்த நேரத்தில் நித்திரையையும் விளையாட்டையும் கொடுத்த பெற்றோர் பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை. நினைவைக் கூட்டும் என்று விற்கப்படும் கணினி விளையாட்டுகளும் அப்படித்தான். அந்த விளையாட்டில் பிள்ளை தேறும், அந்தத் தேர்ச்சி கொப்பிக்கு வந்து சேர்வதில்லை.

பரீட்சையில் மேலதிக நேரம் வேண்டுமென்றால் கடைசி மாதத்தில் யோசிக்கக்கூடாது. விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கான சலுகைகளை அதிபர் ஊடாக, மருத்துவ ஆவணங்களோடு, பரீட்சைத் திணைக்களத்திடம் முன்கூட்டியே கோர வேண்டும். அதற்கு முன்னர் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளிலேயே கூடுதல் நேரம் கொடுத்துப் பார்த்து, புள்ளி எவ்வளவு மாறுகிறது என்று எழுதி வைத்தால், கோரிக்கைக்கு அது நல்ல துணை.

சோதனையை உடனே திருப்பிச் செய்விக்க வேண்டாம். ஓராண்டுக்குள் மீண்டும் செய்தால் பழக்கத்தால் புள்ளி கூடும். இரண்டு ஆண்டு இடைவெளி இன்னும் நல்லது. சோதனையில் வரும் வினாக்களைத் தேடிப் பயிற்றுவிப்பது, வெப்பமானியை வெந்நீரில் தோய்த்துவிட்டுக் காய்ச்சல் பார்ப்பதற்குச் சமம்.

பிள்ளைக்கு எதைச் சொல்வது? எண்களைச் சொல்ல வேண்டாம். உறவினர் முன்னிலையில் ஒருபோதும் வேண்டாம். ஆனால் ஒன்றும் சொல்லாமல் விட்டால், தான் மொக்கு என்ற முடிவுக்குப் பிள்ளை தானாகவே வந்துவிடும். ஒரு தாயார் தன் மகனிடம் இப்படிச் சொன்னார்: “உன்ர மூளை விரைவா யோசிக்குது அப்பன், கைதான் பின்னால வருது. நீ மூளைய நிப்பாட்டாத, கைக்கு நாங்கள் உதவி செய்வம்.” அறிக்கையின் பதினைந்து பக்கத்தையும் பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சரியாகச் சுருக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது.

பாடசாலைக்கு முழு அறிக்கையையும் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பலம் எது, எங்கே தடக்குப்படுகிறார், வகுப்பில் செய்ய வேண்டிய மூன்று நான்கு விடயங்கள் எவை என்பவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, உளவியலாளரிடம் காட்டிக் கையொப்பம் பெற்று, வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுத்துப் பேசுங்கள். அடுத்த ஆண்டு வகுப்பாசிரியர் மாறுவார். அந்தப் பக்கத்தின் பிரதியொன்றை வைத்திருந்து, முதல் வாரத்திலேயே புதியவரிடமும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.